தளம் உங்களை மறந்துவிட்டால் சீட்டு எங்கே தொலைந்தது என்று தேடும் முறை

எங்கள் புளோக்கில் மூன்று மாடி கீழே வசிக்கும் ஓர் அம்மா, ஒரு மாலை தம் கைக்கணினியை எடுத்துக்கொண்டு வந்து, “தம்பி, நேத்து வரைக்கும் இதுக்கு என்னைத் தெரிஞ்சுது, இன்னைக்கு யாரு நீங்கன்னு கேக்குது,” என்றார். அவர் நாள்தோறும் காலையில் திறக்கும் தளம் ஒன்று, பல மாதங்களாகப் பெயரும் மறைச்சொல்லும் கேட்காமல் அவரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. அன்று திடீரென்று கேட்கத் தொடங்கியிருந்தது. ஜூரோங்கில் இருக்கும் மருமகனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். அவர், “குக்கீயை எல்லாம் அழிச்சிடுங்க அத்தை,” என்று சொல்ல, இவரும் அப்படியே செய்திருக்கிறார். ஒரு தளம் மட்டும் மறந்திருந்த இடத்தில், இப்போது எல்லாத் தளங்களும் அவரை மறந்திருந்தன.

மருமகனைக் குறை சொல்வதற்கில்லை. இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலோர் சொல்லும் முதல் வைத்தியம் அதுதான். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன், அதுவும் அந்த ஒரு தளத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய எளிய சோதனைகள் பல உள்ளன. கணினிக்குப் புதியவர்களும் செய்யக்கூடிய அவற்றை, நான் வழக்கமாகச் செய்யும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

தளத்துக்கு உங்களை எப்படித் தெரிகிறது

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் எச்டிடிபி என்ற நெறிமுறைக்குத் தன்னளவில் நினைவு கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தால், இரண்டையும் கேட்டவர் ஒருவரே என்பது அதற்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி 1994இல் உருவாக்கிய ஏற்பாடுதான் குக்கீ. தளம் ஒரு சிறு குறிப்பை உங்கள் உலாவியிடம், அதாவது பக்கங்களைத் திறக்க நீங்கள் பயன்படுத்தும் குரோம், சஃபாரி போன்ற செயலியிடம், கொடுத்துவைக்கும். அடுத்த முறை உலாவி அதைத் திருப்பிக் காட்டும்.

பலதுறை மருந்தகத்தில் பதிவு செய்ததும் கிடைக்கும் வரிசை எண் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது. எண்ணைப் பார்த்துத்தான் அழைப்பார்கள். சீட்டைத் தொலைத்துவிட்டால் மறுபடியும் முகப்புக்குச் சென்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும், ஆனால் உங்கள் மருத்துவப் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது. அதைப் போலவே, தளம் உங்களை மறந்தாலும் உங்கள் கணக்கும் அதில் நீங்கள் சேமித்தவையும் பத்திரமாகவே இருக்கின்றன. புதியவர்கள் பலர் இங்கேதான் பதறிப்போய்ப் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு பழைய கணக்கு எது, புதியது எது என்ற குழப்பம் தனியாகச் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, தளம் மறந்தது என்று நாம் சொல்வது உண்மையில் மூன்றில் ஒன்றாக இருக்கும். உலாவி சீட்டைத் தொலைத்திருக்கலாம். சீட்டு வேறோர் உலாவியின் பையில் இருக்கலாம். அல்லது சீட்டைச் சரியாகக் காட்டியும் தளம் அதை ஏற்க மறுத்திருக்கலாம். முதல் இரண்டையும் நாம் சரிசெய்துகொள்ள முடியும். மூன்றாவதில் நம் கையில் இருப்பது குறைவு.

இதோடு கலந்துவிடக் கூடாத இன்னொன்று, உலாவி மறைச்சொல்லைச் சேமித்துவைத்துத் தானாகவே நிரப்புவது. அது சீட்டு அன்று. முகப்பில் உங்களுக்காக வேறொருவர் படிவத்தை நிரப்பித் தருவதைப் போன்றது. பெயரும் மறைச்சொல்லும் கட்டங்களில் தாமே வந்து நின்றும் நீங்கள் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தால், மறைச்சொல் பத்திரமாக இருக்கிறது, சீட்டுதான் இல்லை என்று பொருள்.

எழுதுவதற்கு முன் முகவரியைப் படியுங்கள்

எதிர்பாராத நேரத்தில் உள்நுழைவுப் பக்கம் தோன்றினால், மறைச்சொல்லை எழுதுவதற்கு முன் மேலே இருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வந்த இணைப்பின் வழியாக அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால், அதை மூடிவிட்டு முகவரியை நீங்களே எழுதித் திறப்பது நல்லது. உங்கள் உள்நுழைவு காலாவதியாகிவிட்டது என்று சொல்லி மறைச்சொல்லைப் பறிப்பது மோசடிக்காரர்களின் பழைய வழி. சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2022 ஜனவரியில் அறிவித்த நடவடிக்கைகளின்படி, வங்கிகள் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் அழுத்தித் திறக்கும் இணைப்புகள் நீக்கப்பட்டன. எனவே வங்கியின் பெயரில் அப்படி ஓர் இணைப்பு வந்தால் அதைத் தொட வேண்டாம். ஐயம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.

ஒன்றா, எல்லாமா

நீங்கள் வழக்கமாக உள்நுழைந்திருக்கும் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவை உங்களை அடையாளம் கண்டால், கோளாறு அந்த ஒரு தளத்தைச் சார்ந்தது; உலாவியின் அமைப்புகளைக் கிளற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. எல்லாமே மறந்திருந்தால், தளங்கள் எல்லாம் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு உங்களைக் கைவிடவில்லை. உங்கள் கருவியில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அரை நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல், மணிக்கணக்கில் தவறான இடத்தில் தேடுபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பை மாறிப்போனதா

ஒவ்வோர் உலாவிக்கும் தனித்தனிப் பை உண்டு. குரோமில் வாங்கிய சீட்டு சஃபாரிக்குத் தெரியாது; சஃபாரியில் இருப்பது ஃபயர்ஃபாக்சுக்குத் தெரியாது. ஒரே குரோமிலும், வீட்டில் இருவர் தனித்தனிச் சுயவிவரங்கள் வைத்திருந்தால் அவற்றுக்கும் தனித்தனிப் பைகள்தாம். மேல் மூலையில் இருக்கும் படத்தைப் பார்த்து, அது உங்கள் சுயவிவரமா, மகளுடையதா, விருந்தினருக்கானதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சன்னல் கறுப்பாக மாறி, தொப்பியும் கண்ணாடியும் அணிந்த உருவம் தெரிந்தால் நீங்கள் மறைநிலையில் இருக்கிறீர்கள். மறைநிலைச் சன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் அங்கே வாங்கிய சீட்டுகள் அழிந்துவிடும்.

திறன்பேசியில் இது இன்னும் நுட்பமானது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற செயலிகளுக்குள் ஓர் இணைப்பைத் தொட்டால், அது உங்கள் வழக்கமான உலாவியில் திறக்காமல், அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய உலாவியில் திறப்பதுண்டு. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் அதன் பை வேறு. மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, வெளி உலாவியில் திறக்கும்படி சொன்னால், தளம் உடனே உங்களை அடையாளம் கண்டுகொள்வதைப் பார்க்கலாம். ஐஃபோனில் ஒரு தளத்தை முகப்புத் திரையில் சேர்த்து, தனிச் செயலியைப் போலத் திறக்கும்படி வைத்திருந்தாலும் அதற்கு ஒரு தனிப் பை உண்டு. அங்கே ஒருமுறை தனியாக உள்நுழைய வேண்டும்.

எந்தக் கட்டத்தில் மறக்கிறது

பை சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால், நான் பெரிதும் நம்பும் சோதனைக்கு வருவோம். தளத்தில் உள்நுழையுங்கள், ‘என்னை நினைவில் வைத்துக்கொள்’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருந்தால் அதில் குறியிடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் மூடித் திறந்து பாருங்கள். அடுத்து, உலாவியின் எல்லாச் சன்னல்களையும் மூடி, உலாவியையே நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். மேக் கணினியில் சன்னலை மூடினால் மட்டும் உலாவி நிற்காது, கமாண்ட் விசையுடன் கியூவை அழுத்த வேண்டும். மூன்றாவதாக, கணினியையே நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள்.

பக்கத்தை மூடித் திறந்ததுமே மறந்துவிட்டால், உலாவி சீட்டை வாங்கிக்கொள்ளவே இல்லை. குக்கீகளை முற்றிலும் தடுக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கலாம். ஐஃபோனில் சஃபாரிக்கான அமைப்புகளில் ‘பிளாக் ஆல் குக்கீஸ்’ என்று ஒன்று உண்டு. விளம்பரங்களைத் தடுக்க உலாவியில் நீங்கள் சேர்த்த நீட்சி என்னும் சிறு துணை நிரல் ஒன்று குறுக்கே நிற்கவும் கூடும். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்துப் பாருங்கள். கருவியின் சேமிப்பிடம் முழுவதும் நிரம்பிவிட்டாலும் உலாவியால் எழுத முடியாமல் போகும்.

உலாவியை நிறுத்தித் திறந்தபோதுதான் மறந்தது என்றால், இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மூடும்போதெல்லாம் அழிக்கும்படி யாரோ அமைத்துவைத்திருப்பது. குரோமில் அமைப்புகளுக்குள் சென்று, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதனுள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதன் அடியில் கூடுதல் அமைப்புகளுக்குள் இருக்கும் ‘ஆன்-டிவைஸ் சைட் டேட்டா’ என்ற இடத்தில் பாருங்கள். எட்ஜில், உலாவியை மூடும்போது எதை எதை அழிப்பது என்று கேட்கும் பட்டியலில் குக்கீகளுக்கு நேராக இருக்கும் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்சில் ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ பகுதியில் இதற்கென ஒரு கட்டம் உண்டு. வரலாற்றைச் சேமிக்கவே கூடாது என்று அதனிடம் சொல்லியிருந்தால், அது எப்போதும் மறைநிலையில்தான் இயங்கும்.

இரண்டாவது காரணம் சற்று விளக்கத்துக்கு உரியது, ஏனெனில் “திடீரென்று மறந்துவிட்டது” என்ற புகார்களில் பல இதிலிருந்துதான் பிறக்கின்றன. குக்கீகளில் இரு வகை உண்டு. ஒன்றில் காலாவதி நாள் எழுதியிருக்கும். அந்த நாள்வரை உலாவி அதை வைத்திருக்கும். மற்றொன்றில் நாள் எதுவும் இருக்காது. உலாவியை நிறுத்தினால் அதன் ஆயுளும் முடிந்தது. நினைவில் வைக்கும்படி குறியிடாமல் உள்நுழைந்தால் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டாம் வகைதான். ஆனால் இன்று நம்மில் எத்தனை பேர் உலாவியை உண்மையிலேயே நிறுத்துகிறோம்? மடிக்கணினியின் மூடியைச் சாத்துகிறோம், மறுநாள் திறக்கிறோம். உலாவி ஓடிக்கொண்டே இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி குரோமையோ ஃபயர்ஃபாக்சையோ அமைத்திருந்தால், அவை இந்த நாளற்ற சீட்டுகளையும் சேர்த்தே மீட்டுத் தந்துவிடுகின்றன. இப்படி வாரக்கணக்கில் தற்செயலாகப் பிழைத்திருந்த சீட்டு, கணினி ஒரு மேம்பாட்டை நிறுவித் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்த இரவிலோ, அந்த அமைப்பை யாராவது மாற்றிய நாளிலோ போய்விடுகிறது. உள்ளபடி அன்று எதுவும் கெடவில்லை. முன்பு கிடைத்துக்கொண்டிருந்தது சலுகை. குறியிட்டு மறுபடி உள்நுழைந்தால் போதும்.

கணினியை மறுதொடக்கம் செய்யும்போது மட்டும் எல்லாத் தளங்களும் மறந்தால், துப்புரவு மென்பொருள்மீது சந்தேகப்படுங்கள். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் நிரல்கள் பல, குப்பையோடு சேர்த்துக் குக்கீகளையும் வாரிக் கொட்டிவிடும். அவற்றின் பட்டியலில் உலாவியின் குக்கீகளுக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால், நிர்வாகம் வைத்த விதியாகவும் இருக்கலாம். அதைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் கேட்பதே முறை.

அரிதான இன்னொரு காரணமும் உண்டு. விண்டோசில் குரோம் தன் குக்கீகளைப் பூட்டித்தான் வைக்கிறது. சாவி விண்டோசிடம் இருக்கிறது. 2020இல் வந்த விண்டோஸ் 10இன் 2004 பதிப்பில், சில கணினிகளில் இந்தச் சாவி ஏற்பாடு பழுதடைந்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு உலாவிகளும் மின்னஞ்சல் செயலிகளும் உள்நுழைவுகளை மறந்தன. பின்னர் வந்த திருத்தம் அதைச் சரிசெய்தது. பழைய கணினியிலிருந்து குரோமின் கோப்புகளை அப்படியே புதிய கணினிக்கு நகலெடுத்தும் உள்நுழைவுகள் வராமல் போவதற்கும் இந்தப் பூட்டுதான் காரணம்.

நாட்காட்டியையும் பாருங்கள்

திரையின் மூலையில் தெரியும் நாளும் ஆண்டும் சரியா என்று பார்ப்பதை நான் எப்போதும் தவறவிடுவதில்லை. என் அக்காவின் மகன் ஒருமுறை, விளையாட்டுச் செயலி ஒன்றில் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், கைக்கணினியின் நாளை மூன்று மாதம் முன்னே தள்ளிவிட்டான். முப்பது நாள் ஆயுள் கொண்ட சீட்டுகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன என்று எண்ணி உலாவி அவற்றை நீக்கிவிட்டது. நாளைத் திருப்பி வைத்தாலும் போனவை திரும்பாது. மறுபடி உள்நுழையத்தான் வேண்டும். நேரத்தைத் தானாகவே அமைத்துக்கொள்ளும் பொத்தானை இயக்கிவைத்து, நேர மண்டலம் சிங்கப்பூர் என்று இருப்பதையும் சரிபாருங்கள்.

சீட்டு இருந்தும் தளம் மறுத்தால்

ஒரே ஒரு தளம் மட்டும் மறக்கிறது, அதுவும் சில நாள்கள் கழித்து என்றால், அந்தத் தளம் வைத்த கெடுவே அவ்வளவுதான் என்று இருக்கலாம். வேறொரு கருவியில் நீங்கள் மறைச்சொல்லை மாற்றியிருந்தால், பழைய சீட்டுகள் அனைத்தையும் பல தளங்கள் ஒரே நேரத்தில் செல்லாதவையாக்கும். தளத்தை நடத்துபவர்கள் மென்பொருளை மாற்றினாலோ பாதுகாப்புச் சிக்கலைச் சந்தித்தாலோ எல்லாரையும் வெளியேற்றுவதும் உண்டு. சில தளங்கள் சீட்டை உங்கள் இணைய இணைப்பின் முகவரியோடு சேர்த்துப் பார்க்கும். வீட்டின் வைஃபையிலிருந்து பெருவிரைவு ரயிலில் கைப்பேசித் தரவுக்கு மாறியதும், அல்லது உங்கள் இணைய முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் விபிஎன் செயலியை இயக்கியதும், அவை மறுபடி கேட்கும்.

உலாவிகளும் தம் பங்குக்குக் கெடு வைத்திருக்கின்றன. 2022 ஆகஸ்ட்டில் வந்த குரோம் 104 முதல், தளம் பத்தாண்டு என்று எழுதிக் கொடுத்தாலும் எந்தக் குக்கீயும் 400 நாளுக்கு மேல் வைக்கப்படுவதில்லை. நீங்கள் அந்தத் தளத்துக்குச் செல்லும்போது தளம் சீட்டைப் புதுப்பித்தால் கெடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சஃபாரி 2019 முதல், பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதும் குக்கீகளை ஏழு நாளில் நீக்குகிறது. வாரம் ஒருமுறைகூடத் திறக்காத தளம் ஐஃபோனில் மட்டும் மறந்துபோவதற்கு இது காரணமாகலாம். ஒரு தளத்துக்குள் வேறொரு தளத்தின் கணக்கால் உள்நுழையும் ஏற்பாடுகளும் பல இடங்களில் முறிந்தன. சஃபாரி 2020 மார்ச்சில், நீங்கள் திறந்திருக்கும் தளம் அல்லாத பிற தளங்களின் குக்கீகளை முழுமையாகத் தடுத்தது, ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் அவற்றைத் தளவாரியாகப் பிரித்து வைக்கத் தொடங்கியது.

உங்கள் புக்மார்க்கையும் ஒருமுறை திருத்திப் பாருங்கள். முன்னால் மூன்று டபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் உலாவியின் கண்ணில் இரு வேறு இடங்களாக இருக்கலாம். ஒன்றில் வாங்கிய சீட்டு மற்றொன்றில் செல்லாமல் போகலாம். உள்நுழைந்த பிறகு தெரியும் முகவரியையே புதிதாகச் சேமித்துக்கொண்டு பழையதை நீக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகே அழித்தல். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியைத் தொடுங்கள். அது முன்பு பூட்டாக இருந்தது, 2023இல் குரோம் அதை இரு சிறு கோடுகள் கொண்ட குறியாக மாற்றியது. அங்கிருந்து குக்கீகளுக்கும் தளத் தரவுக்கும் உரிய பகுதிக்குச் சென்று, அந்தத் தளத்துக்கு உரியவற்றை மட்டும் நீக்கிவிட்டு, மறுபடி குறியிட்டு உள்நுழையுங்கள். பழைய சீட்டும் புதிய சீட்டும் முட்டிக்கொண்டிருந்தால் இதில் தீரும். தீராவிட்டால் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதலாம். எந்தக் கருவி, எந்த உலாவி, மூன்று கட்டங்களில் எதில் மறக்கிறது, எந்த நாளிலிருந்து என்ற நான்கையும் எழுதினால், “குக்கீயை அழித்துப் பாருங்கள்” என்ற பதிலோடு அவர்கள் நின்றுவிட மாட்டார்கள்.

மறப்பதே முறை என்னும் இடங்கள்

வங்கித் தளங்களும், சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னிலக்க அடையாளத்தைக் கொண்டு நுழையும் மத்திய சேமநிதி, வருமான வரித் தளங்களும் சில நிமிடம் தொடாமல் இருந்தாலே வெளியேற்றிவிடும். அவற்றைச் சரிசெய்ய முயல வேண்டாம். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரே நீங்கள் என்று தளம் நம்பும். மறைச்சொல்லும், சில வேளைகளில் ஒருமுறைக் குறியீடும்கூடத் தேவைப்படாது. அதனால்தான் தீய நிரல்கள் இப்போது மறைச்சொல்லோடு குக்கீகளையும் திருடுகின்றன. குரோம் 2024இல் விண்டோசில் குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு ஒன்றைப் போட்டதும் இந்தத் திருட்டுக்காகத்தான். தளம் உங்களை வெளியேற்றிய அதே நாளில், நீங்கள் அறியாத கருவியிலிருந்து உள்நுழைந்ததாக மின்னஞ்சலும் வந்திருந்தால், மேலே சொன்ன சோதனைகளை விட்டுவிட்டு, நம்பகமான வேறொரு கருவியிலிருந்து மறைச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். நூலகக் கணினியிலும் பிறருடைய மடிக்கணினியிலும் நினைவில் வைக்கும் கட்டத்தில் ஒருபோதும் குறியிட வேண்டாம்.

கீழ் வீட்டு அம்மாவின் கதைக்கு வருகிறேன். அவருக்குக் கோளாறு எங்கே தொடங்கியது என்றால், பேத்தி ஃபேஸ்புக்கில் அனுப்பிய ஓர் இணைப்பில். அதைத் தொட்டுத்தான் அவர் அன்று அந்தத் தளத்துக்குள் போயிருந்தார். அது ஃபேஸ்புக்குக்குள் இருந்த உலாவி. அவருடைய பழைய சீட்டு குரோமில், மருமகன் சொல்லி அழிக்கும்வரை, பத்திரமாக இருந்திருக்கிறது. குரோமில் திரும்பவும் உள்நுழைந்து, புக்மார்க்கை முகப்புத் திரையில் வைத்துக் கொடுத்தேன். மற்ற ஏழு தளங்களுக்கான மறைச்சொற்களை அவருடைய குறிப்பேட்டில் தேடி எடுக்கத்தான் அந்த மாலை முழுவதும் ஆனது.